பெர்மிட் சீட்டில் என் தாத்தா: மகாராஷ்டிர அரசுக்கு ஒரு பார் ஊழியரின் திறந்த மடல்

மகாராஷ்டிரத்தில் யார் குடிக்கலாம், எந்த வயதில் குடிக்கலாம், எங்கே உட்கார்ந்து குடிக்கலாம் என்று சட்டம் போடுகிறவர்களுக்கு,

மும்பையில் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் ஒரு பெர்மிட் ரூமில், அதாவது பாரில், 22 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் பத்து வருடம் வெய்ட்டர், அப்புறம் கேப்டன். கேப்டன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆர்டர் எடுப்பேன், பில் கொண்டுபோவேன், ஆள் குறைந்த நாளில் எச்சில் தட்டும் எடுப்பேன். வீடு தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். இந்த மடலை முதலில் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் கோபம் தமிழில்தான் வருகிறது, என்னைப் போல இந்த ஊர் பார்களில் வேலை செய்யும் நம் ஆட்களும் படிக்க வேண்டும். என் மகள் இதை மராத்தியில் எழுதித் தருவாள், அதைத் தபாலில் அனுப்புவேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அரசு அதிகாரிகள் எங்கள் கடைக்குச் சோதனைக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். ஏழாம் டேபிளில் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு ஒரு தம்பி தனியாக உட்கார்ந்து விஸ்கி குடித்துக்கொண்டிருந்தார். ஆதார் கேட்டார்கள், காட்டினார், 23 வயது. நம் மாநிலத்தில் பியருக்கு 21, விஸ்கி ரம்முக்கு 25. ஆகவே அந்த கிளாஸ் குற்றம், எழுதிக்கொண்டார்கள். அதே நேரத்தில் மாடியில் ஏசி அறையில் எட்டுப் பேர் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவனுக்கு 17க்கு மேல் இருக்காது என்று எனக்குத் தெரியும். சோதனைக்காரர்கள் மாடி ஏறும்போது அவன் பின்படி வழியாக இறங்கிப் பான் கடைக்குப் போனான். அவர்கள் போன பிறகு வாயில் மிட்டாய் பானோடு மேலே வந்து, மூடி வைத்த கிளாஸைத் திறந்து மிச்சத்தைக் குடித்தான்.

மறுநாள் வேலை போனது யாருக்குத் தெரியுமா? ஏழாம் டேபிளுக்கு விஸ்கி கொண்டுவந்த வெய்ட்டருக்கு. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, கடையிலேயே படுத்துக்கொள்வான். பதினைந்து நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, "வயசு பாத்துக் குடுக்க வேண்டியது நீதானே" என்று முதலாளி அனுப்பிவிட்டார். இதே முதலாளி அதற்கு முந்தின புதன்கிழமை இதே பையனை எல்லார் முன்னாலும் திட்டினார், ஒரு கஸ்டமரிடம் வயது கேட்டானாம், அவர் கோபித்துக்கொண்டு நாலு பேரோடு எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டாராம். கேட்டாலும் அடி, கேட்காவிட்டாலும் அடி. மத்தளம் கூட இரண்டு பக்கம் அடித்தால் சத்தம் போடும், அந்தப் பையன் பையைத் தூக்கிக்கொண்டு தாதர் ஸ்டேஷனுக்குப் போனான், ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பேசுகிறேன்.

பிள்ளைகள் பாருக்குள் வரக்கூடாது என்பதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை. எனக்கும் பிள்ளைகள் உண்டு. நான் சொல்வது வேறு. உங்கள் சட்டம் இப்போது இருக்கிற விதத்தில், சின்னப் பிள்ளைகளை உள்ளே விடுவதற்கான பழக்கத்தை எங்களுக்கு அதுவே கற்றுக்கொடுக்கிறது.

எப்படி என்று கேளுங்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படித்து முடித்து முதல் வேலையில் சேர்ந்த பையன்களும் பெண்களும். 22, 23, 24 வயது. சம்பாதிக்கிறார்கள், வாடகை கொடுக்கிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள், சிலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. 17½ வயதில் ராணுவத்தில் அக்னிவீராகச் சேர்ந்து துப்பாக்கி தூக்கலாம். ராத்திரி பஸ் ஏறி கோவாவில் இறங்கினால் 18 வயதில் என்ன வேண்டுமானாலும் குடிக்கலாம். இங்கே அவர்களுக்கு ஒரு பெரிய பாட்டில் ஸ்ட்ராங் பியர் கொண்டுபோய் வைத்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, 30 எம்எல் ஓட்காவை ஆரஞ்சு ஜூஸில் கலந்து கொடுத்தால் குற்றம். இதை எந்தக் கஸ்டமரிடமாவது நான் விளக்கிச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 2011-ல் ஒரு இந்தி நடிகரே இந்த 25-ஐ எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனார். எந்தக் கடையும் அதை நம்புவதில்லை. ஆகவே நாங்கள் என்ன செய்கிறோம்? கண்ணை மூடிக்கொள்கிறோம். வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே கேப்டன் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்: "முகத்தைப் பார்க்காதே, ஆர்டரைப் பார்."

ஒரு நாளைக்கு முப்பது தடவை 23 வயதுக்காரனுக்குக் கண்ணை மூடிப் பழகின வெய்ட்டர், முப்பத்தியொன்றாவதாக 16 வயதுக்காரன் வந்து உட்காரும்போது கண்ணைத் திறப்பான் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? அது அதே கண்தானே.

எங்களுக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மீசை தாடியை வைத்து இந்தக் காலத்தில் சொல்ல முடியாது, ஜிம்முக்குப் போகிறார்கள், பதினாறு வயதில் என்னை விடப் பெரிய கை. ஆனால் "சோடாவா, தண்ணியா" என்று கேட்டால் தெரிந்துவிடும். குடித்துப் பழகினவன் யோசிக்காமல் சொல்வான். சின்னவன் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். மெனு கார்டில் இடது பக்கம் படிக்க மாட்டான், விலை போட்டிருக்கிற வலது பக்கம்தான் படிப்பான். சக்னா, அதாவது தொட்டுக்கொள்ளத் தரும் கொறிக்கும் தீனி, இலவசமா என்று கேட்பான். "அண்ணா" என்று கொஞ்சம் அதிகமாகவே கூப்பிடுவான், இந்த ஊரில் தெற்கத்திக்காரன் எல்லாருமே அண்ணாதான் என்றாலும் அந்தக் குரல் வேறு. ஆதார் கேட்டால் அட்டை வராது, போனில் போட்டோ வரும். பிறந்த வருடத்தில் கடைசி எண் மட்டும் மற்ற எண்களை விடக் கொஞ்சம் தடியாக இருக்கும். ஒருவனிடம் "தம்பி, இதை நல்லா செய்யலையே" என்று சொன்னேன், வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டான். அன்று முதலாளி கல்லாவில் இல்லை, அதனால் தப்பித்தேன்.

ஆக, எங்களால் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால் என்ன செய்வது, செய்தால் யார் எங்களைக் காப்பாற்றுவது என்பதுதான் சட்டத்தில் எங்கும் இல்லை.

இனி அந்த 5 ரூபாய்ச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் ஆட்களுக்கு இது கதை மாதிரி இருக்கும், ஆனால் உங்களுக்குத் தெரியும். 1949-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படி இங்கே குடிக்க ஒவ்வொருவருக்கும் பெர்மிட் வேண்டும். ஒரு நாள் பெர்மிட் 5 ரூபாய், வருடத்துக்கு 100, ஆயுளுக்கு 1,000. உடல்நலத்தைப் பேணிக் காப்பதற்காக மது அருந்த அனுமதி என்று அதற்கு ஒரு காரணமும் உண்டு, இதை முதல் தடவை ஒருவர் எனக்குப் படித்துக் காட்டியபோது நம்பவில்லை. எங்கள் கடைக்குப் பெர்மிட் ரூம் என்று பெயர் வந்ததே இதனால்தான். வயது நிரம்பாதவருக்குப் பெர்மிட் கிடையாது, பெர்மிட் இல்லாதவருக்கு மது கிடையாது. எழுதிவைத்த அளவில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இருக்க முடியாது, ஒவ்வொரு கிளாஸுக்கும் பின்னால் ஒரு பெயர், ஒரு ஆள், ஒரு வயது.

நடப்பது என்ன? கடை கட்டுக்கட்டாகச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்கிறது. குடிக்க வந்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ராத்திரி ஒன்றரை மணிக்குக் கதவை இறக்கின பிறகு, நாற்காலியை மேஜை மேல் கவிழ்த்துவிட்டு, நானும் இன்னொரு ஆளும் உட்கார்ந்து அன்றைய கணக்குக்கு ஏற்ப அந்தச் சீட்டுகளில் பெயர் எழுதுவோம். நாற்பது சீட்டு, ஐம்பது சீட்டு, சனிக்கிழமை என்றால் நூறு தாண்டும். தூக்கக் கலக்கத்தில் நூறு பெயருக்கு எங்கே போவது? கிரிக்கெட் அணி முதலில் தீரும். அப்புறம் சொந்தக்காரர்கள். எங்கள் தாத்தா திருநெல்வேலியில் வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டுக் கள்ளுகூடத் தொடாதவர், முப்பது வருடத்துக்கு முன்னால் செத்துப்போனார், மும்பையில் என் கையெழுத்தில் இதுவரை இருநூறு தடவையாவது குடித்திருப்பார். தாத்தாவும் தீர்ந்துபோனால் நான் படித்த எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வேன். வாத்தியார் தினமும் காலையில் கூப்பிட்ட வரிசை இன்னும் மனப்பாடம், முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை எழுதினால் நாற்பத்திரண்டு சீட்டு முடிந்துவிடும்.

ஒரு ராத்திரி எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. என் மனதில் அந்தப் பெயர்களுக்கு எல்லாம் 13 வயது. 13 வயதுப் பிள்ளைகளுக்கு வரிசையாக விஸ்கி பெர்மிட் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தப்பு இதில் இல்லை என்று சொல்ல வரவில்லை. எழுதின கை என்னுடையது. ஆனால் அந்தச் சீட்டை விற்பது அரசு. 5 ரூபாய் வந்ததா என்று பார்ப்பதற்குக் கணக்கு இருக்கிறது, அந்தப் பெயரில் ஆள் உண்டா என்று பார்ப்பதற்கு எங்கள் கடையில் இந்த 22 வருடத்தில் நான் ஒரு ஏற்பாட்டையும் பார்த்ததில்லை. வயதைச் சரிபார்க்க உங்கள் கையில் இருக்கிற ஒரே காகிதம், எங்கள் ஊர்ச் சுடுகாட்டிலிருந்து ஆள் வந்து குடித்ததாகச் சொல்கிறது.

2024 மே 19, புனே கல்யாணி நகர். உங்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. 12-ஆம் வகுப்பு முடிவைக் கொண்டாடப் போன 17 வயதுப் பையன் இரண்டு பப்பில் குடித்துவிட்டுக் காரை எடுத்து, பைக்கில் போன இரண்டு சின்ன வயதுக்காரர்களைக் கொன்றான் என்பது வழக்கு. முதல் பப்பின் பில் மட்டும் 48,000 ரூபாய் என்று போலீஸ் சொன்னது. நாடு முழுக்கப் பேசியது ஜாமீனுக்கு நிபந்தனையாக அவனை எழுதச் சொன்ன 300 வார்த்தைக் கட்டுரையைப் பற்றி. நாங்கள், அதாவது இந்தத் தொழிலில் இருப்பவர்கள், பேசியது அந்த பில்லைப் பற்றி. 48,000 ரூபாய் பில் போடுகிற டேபிளுக்கு ஒரு வெய்ட்டர் குறைந்தது பத்துத் தடவை போயிருப்பான். பத்துத் தடவையும் அந்த முகத்தைப் பார்த்திருப்பான். அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தாலும் அந்த டேபிளிடம் போய் "கிடையாது" என்று சொல்ல அவனுக்கு எந்தத் தைரியம், எந்த ஆதரவு? டிப்ஸை விடுங்கள். அந்தப் பையனின் அப்பா யார் என்று தெரியாத ஊரில், வாடகை வீட்டில் எட்டுப் பேரோடு படுக்கிற ஆள் அவன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் எங்கள் கடையில் எல்லாரிடமும் ஆதார் கேட்டோம். வெள்ளைத் தாடிக்காரரிடம்கூடக் கேட்டோம், அவர் சந்தோஷப்பட்டார். கணபதி பண்டிகை வந்தது, கூட்டம் வந்தது, அதோடு சரி.

சட்டம் இல்லாமல் இல்லை. 2015-ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் 77-ஆம் பிரிவு இருக்கிறது, 18 வயது ஆகாதவருக்கு மது கொடுத்தால் 7 வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். என் மகள் போனில் தேடி எனக்குப் படித்துக் காட்டினாள். 22 வருடம் மது பரிமாறுகிறவனுக்கு இதை மகள் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. எங்கள் கடையில் தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த 77-ஐ யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் சங்கரன்கோவில் பையன் 23 வயதுக்காரனுக்குப் பயப்படாமல் மாடியில் இருந்த 17-க்குப் பயந்திருப்பான்.

இன்னொரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனை நீங்கள் எந்த விதியிலும் யோசித்ததில்லை.

எங்கள் கடைக்குத் தோல் பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவர் தினமும் வருவார். ராத்திரி பத்தரைக்கு அவர் மகன் வந்து படியில் உட்காருவான். ஒன்பது வயது இருக்கும். மேலே பனியன், கீழே பள்ளிக்கூட அரைக்கால் சட்டை. அப்பாவைக் கூட்டிப்போக அம்மா அனுப்புகிறாள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்று மூன்று மொழியில் போர்டு இருக்கிறது, அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு வாசலில் நிற்கிற பைக்குகளை எண்ணுவான். வாட்ச்மேன் அவனை உள்ளே விடமாட்டார், சட்டம். நான் அந்தப் பக்கம் போகும்போது ஒரு காகிதத்தில் கடலை கட்டிக் கொடுப்பேன். "அண்ணா, இன்னும் எத்தனை?" என்று கேட்பான். எத்தனை பெக் பாக்கி என்று அர்த்தம். கண்ணாடிக் கதவு வழியாக கிளாஸின் நிறத்தைப் பார்த்து அது முதல் ஊற்றலா, கடைசியா என்று சொல்லிவிடுவான், அது எனக்குக்கூடச் சில நேரம் தவறும்.

ஜூலை மாதம் ஒருநாள் கொட்டுகிற மழை. கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் என்று சொன்னார்கள். பையன் நனைந்துபோய் நடுங்கிக்கொண்டிருந்தான். வாட்ச்மேனே மனசு கேட்காமல் கதவைத் திறந்து, கல்லா பக்கத்தில் ஓரமாக நிறுத்தினார். முதலாளி பார்த்துவிட்டுக் கத்தினார், சோதனை வந்தால் லைசென்ஸ் போய்விடும், வெளியே அனுப்பு என்று. அனுப்பினோம். அப்பா இன்னும் ஒரு நைன்ட்டி (90 எம்எல்) முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதே நேரம் மாடியில் யார் யார் இருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த போர்டு எங்கள் கடையில் நிஜமாகத் தடுத்து நிறுத்திய ஒரே ஆள் அந்த ஒன்பது வயதுப் பையன்.

இது ஒன்றும் புதிதல்ல. அறுபதுகளில், மதுவிலக்கு இருந்த காலத்தில், தாராவியில் சாராயம் சைக்கிள் ட்யூபில் அடைத்துப் போகும் என்று என் அப்பா சொல்வார், அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்தது பையன்கள்தான், போலீஸ் பையன்களைத் தொடாது என்பதால். அப்பாவும் இரண்டு தடவை நடந்திருக்கிறார், தடவைக்கு நாலணா. இப்போது ட்யூப் இல்லை. ஆனால் ஒயின் ஷாப் வரிசையில் பத்து வயதுப் பிள்ளை அப்பா எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டோடு நிற்பதை என் சந்திலேயே காட்டுகிறேன், வாருங்கள். பிள்ளையை வைத்து மது தூக்கிவரச் செய்வதற்கும் அந்தச் சட்டத்தில் அடுத்த பிரிவிலேயே அதே 7 வருடம் இருக்கிறது, 78.

குடும்பத்தோடு சாப்பிட வருகிறவர்கள் விஷயமும் பெரிய குழப்பம், சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கடையில் கீழே குடும்பப் பகுதி. ஞாயிற்றுக்கிழமை மதியம் தாத்தா பாட்டி பேரன் பேத்தியோடு மீன் சாப்பிட வருவார்கள், அப்பா ஒரு பியர் சொல்வார். இது சரியா தப்பா என்று முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சில கடைகளில் பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள், சில பெரிய இடங்களில் பிள்ளைகள் விளையாடுவதற்கே ஒரு மூலை வைத்திருக்கிறார்கள். அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிடுகிற பிள்ளைக்கும், நண்பர்களோடு மாடியில் இருக்கிற 17-க்கும் ஒரே போர்டு என்றால் அந்த போர்டை யார் மதிப்பார்கள்?

முதலாளிகள் சங்கத்தார் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜூலை 14 அன்று வரி உயர்வை எதிர்த்து பார்களையெல்லாம் ஒரு நாள் மூடினீர்கள். சரி, உங்கள் நியாயம் உங்களுக்கு, அன்று எங்களுக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைத்தது, சம்பளம்தான் கிடைக்கவில்லை. வயது கேட்ட வெய்ட்டரைத் திட்டுவதில்லை என்று ஒரு தீர்மானம் போட அரை மணி நேரம் கூட ஆகாதே.

இனி நான் அரசிடம் கேட்பது.

வயதை ஒன்றாக்குங்கள். பியருக்கு ஒன்று, விஸ்கிக்கு ஒன்று வேண்டாம். 21 என்று வைத்தால் நான் சந்தோஷப்படுவேன், 25 என்றே வைத்தாலும் பியருக்கும் சேர்த்து வையுங்கள், அப்போதுதான் அது நடைமுறைக்கு ஆகுமா என்று உங்களுக்கே தெரியும். எந்த எண்ணாக இருந்தாலும், 18 வயது ஆகாதவருக்குக் கொடுத்த வழக்கையும் 23 வயதுக்காரனுக்குக் கொடுத்த வழக்கையும் ஒரே தராசில் போடாதீர்கள். சோதனைக்கு அனுப்பும்போது முதலில் மாடிக்கும் பின்படிக்கும் போகச் சொல்லுங்கள்.

ஒரு நாள் பெர்மிட்டை ஒன்று எடுத்துவிடுங்கள், இல்லை என்றால் நிஜமாக்குங்கள். குடிக்கிறவர் தன் கையால் டேபிளிலேயே எழுத வேண்டும், அசல் அட்டையைக் காட்ட வேண்டும், போட்டோ செல்லாது. அது இல்லாமல் ஆர்டர் எடுக்க முடியாது என்று சட்டம் சொன்னால், "சார், நான் கேட்கவில்லை, அரசு கேட்கிறது" என்று நான் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியம் போதும், என் வேலை தப்பும். கடைக்கு மொத்தமாகக் கட்டு விற்பதை நிறுத்துங்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல் எழுதின சீட்டு எதுவும் செல்லாது என்று அறிவியுங்கள்.

வயது நிரம்பாதவருக்குப் பரிமாறியதாக வழக்கு வந்தால் முதல் பெயர் லைசென்ஸ் வைத்திருப்பவருடையதாக இருக்கட்டும், ஊழியர் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். வயது கேட்டதற்காகவோ கொடுக்க மறுத்ததற்காகவோ ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது அது கணக்கில் வர வேண்டும். எங்களைப் போன்றவர்கள் பெயர் சொல்லாமல் கூப்பிட ஒரு எண் கொடுங்கள், எடுக்கிறவர் இந்தியும் பேசட்டும், ஏனென்றால் இந்த வேலைக்கு வருகிறவன் நேற்று ரயிலில் இறங்கினவன். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு வெய்ட்டருக்கும் அந்த 77, 78 இரண்டையும் அவனுக்குத் தெரிந்த மொழியில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் பெற்றவர்களோடு வருவது எந்தப் பகுதியில், எத்தனை மணி வரை சரி என்று எழுதி எல்லாக் கடைக்கும் ஒரே போர்டு கொடுங்கள். உள்ளே வருவது வேறு, பரிமாறுவது வேறு என்று அதில் பிரித்துப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், உங்கள் வக்கீல்கள் சிரித்தாலும் பரவாயில்லை. பிள்ளை ஒருவரைக் கூப்பிட வந்து வாசலில் நின்றால், அந்தப் பிள்ளையைக் கதவுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம், அந்த டேபிளுக்கு அதன் பிறகு அடுத்த ஊற்றல் கிடையாது என்று ஒரு வரி சேருங்கள். பில் போடும் அதிகாரம் எனக்கு இருக்கிறது, பில்லை மூடும் அதிகாரத்தையும் கொடுங்கள்.

மதியம் மூன்றரையிலிருந்து ஆறு வரை எனக்கு வேலை இருக்காது. இந்த மடலை விசாரிக்க யாராவது வருவதாக இருந்தால் அந்த நேரத்தில் வாருங்கள், நேற்று ராத்திரி எழுதின சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டுகிறேன். மேலிருந்து மூன்றாவது சீட்டு என் தாத்தாவுடையது.

இப்படிக்கு,
22 வருடமாக உங்கள் 5 ரூபாய்ச் சீட்டை எழுதுகிற ஒருவன்,
தாராவி, மும்பை